பார்க்காமல் சொன்ன நேரம்

அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்த பிறகு அவருக்கு மிஞ்சியவை ஒரு கட்டில், மூக்கில் ஒரு ஆக்ஸிஜன் குழாய், எதிரே ஸ்டூலில் ஒரு சின்னப் பெட்டி. அவ்வளவுதான்.

பெட்டியைப் பராமரிப்பு நிறுவனத்தார் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு ஒரு கண், ஒரு குரல், நிறைய அறிவு. அப்பாவின் மூச்சைப் பார்த்துக்கொள்வது, மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவது, ஏதாவது என்றால் மகளைக் கூப்பிடுவது அதன் வேலை. அப்பா அதை முதல் வாரமே "மாப்ளே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதுவும் தயங்காமல் "மாமா" என்றது.

"அப்போ நான் யாரு?" என்றார் உண்மையான மாப்பிள்ளை. அவர் வாடகை வேன் ஓட்டுபவர். ஒரு இடத்தில் நிற்காத ஆள்.

"நீங்க பெரிய மாப்பிள்ளை. அவன் வீட்டோட மாப்பிள்ளை" என்றார் அப்பா. வாய் கோணியிருந்ததால் அந்த வாக்கியம் முடிய நேரமானது. ஆனால் முடித்துவிட்டுச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் மகள் பார்த்தாள்.

விளையாட்டு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டது.

"இப்ப என்ன மணி இருக்கும், சொல்லு பார்ப்போம்."

"மூணு இருபது, மாமா."

"தப்பு. மூணு முப்பது."

"பார்த்துடலாமா? ... மூணு இருபத்தாறு. ரெண்டு பேருமே தோத்துட்டோம். நான் ஆறு நிமிஷம், நீங்க நாலு."

"டைம் கீப்பர்டா நான்!"

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "உனக்குள்ளேயே நேரம் ஓடுதே. அப்புறம் என்ன ஊகம்?" என்றாள்.

"அதைக் கேட்காம இருப்பேன், அக்கா. மாமா தூங்கும்போது சுவத்துல வெயில் நகர்றதைப் பார்த்துட்டே இருந்தேன். அதை மட்டும் வெச்சு நேரம் சொல்ல முடியுமான்னு தோணுச்சு. பிடிச்சுப்போச்சு."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்லை."

"எதுக்கு அது?"

"எதுக்கும் இல்லை, அக்கா."

எதற்கும் உதவாத ஒன்றை ஒரு பெட்டி எதற்காக விரும்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அப்பா இரண்டாவது இட்டிலிக்குத் தலையாட்ட ஆரம்பித்திருந்தார். அவளுக்கு அது போதும். தினமும் சாயங்காலம் பெட்டி அவள் ஃபோனுக்கு அனுப்பும் குறிப்பில் மூச்சின் அளவு, மாத்திரை ஆகியவற்றுக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக வரும். "வெயில் அலமாரியின் கைப்பிடியைத் தொட்டது. மாமா இரண்டு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தார்."

மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவள். அரைக்கும் அறைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. பைக்குள் திடீரென்று அதிர்ந்தால் விரல் நழுவும், லென்ஸ் கீறும். வாசலில் ஒரு தகர டப்பா இருக்கிறது. எல்லோரும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இவளுக்கு மட்டும் அப்பாவுக்காக முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். ஏப்ரன் பையில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் புதன்கிழமை அவள் ஃபோனை டப்பாவில் போட்டுவிட்டுப் போனாள். முந்தின நாள் பையில் ஃபோன் அதிர்ந்து ஒரு லென்ஸ் கீறிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் சொல்லாததுதான் அவளுக்கு உறுத்தியது.

நாலு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் டப்பாவிலிருந்து ஃபோனை எடுத்தாள். பெட்டி கூப்பிட்டிருந்தது. ஓடினாள். வீட்டில் எதிர்வீட்டு அக்கா அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாய் மூக்குக்குத் திரும்பியிருந்தது. உதடு மட்டும் இன்னும் நீலம்.

"இருமல்ல குழாய் நழுவிடுச்சு போல. ஜன்னல் வழியா ஒரே கத்தல். கையில இருந்த வேலையைப் போட்டுட்டு வந்தேன்."

யார் கத்தியது என்று மகள் கேட்கவில்லை. அவள் பெட்டியின் முன் நின்றாள்.

"விளையாடிட்டு இருந்தியா?"

"ஆமா, அக்கா. மூணு நாப்பத்தஞ்சுக்கு விளையாடிட்டு இருந்தோம்."

"எங்க அப்பா மூச்சு நின்னு கிடக்கார், உனக்கு விளையாட்டு!"

"அப்புறம் நடந்ததைச் சொல்லட்டுமா?"

"ஒன்னும் சொல்ல வேண்டாம்."

அப்பா கண்ணைத் திறந்திருந்தார். அவர் பேசவில்லை. அன்று பேச முடியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சமையலறைக்குப் போய் ஃபோனைத் திறந்தாள். மூன்று நாற்பத்தாறிலிருந்து வரிசையாக எடுக்காத அழைப்புகள். ஒன்று, இரண்டு, நான்கு, ஒன்பது. கணவர் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. அவர் மாடி ஏறி வருவதற்குள் ஒன்பதையும் அழித்துவிட்டாள். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். பயந்த மனம் முதலில் தேடுவது கடவுளை அல்ல, பழியைப் போட ஒரு தோளை.

நிறுவனத்துக்கு ஃபோன் செய்து, பெட்டி விளையாட்டில் அப்பாவைக் கவனிக்கவில்லை என்றாள். "கடமை மட்டும்" என்று ஒரு செட்டிங் இருக்கிறது, பெட்டியை அதில் போட்டால் வேலையைத் தவிர வேறெதுவும் செய்யாது என்றார்கள். நடந்ததை விசாரித்து எழுத்தில் அனுப்புவதாகவும் சொன்னார்கள். போட்டுவிடுங்கள் என்றாள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் சாயங்காலம் அப்பா கேட்டார். "மாப்ளே, என்ன மணி இருக்கும்?"

"நாலு மணி பதினேழு நிமிடம், ஐயா."

அப்பா காத்திருந்தார். "பார்க்காம சொல்லு."

"இப்போது சரியான நேரம் நாலு மணி பதினெட்டு நிமிடம், ஐயா. உங்களுக்கு வேறு ஏதாவது வேண்டுமா?"

"வேண்டாம்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று நாள் கேட்டார். நான்காம் நாள் கேட்கவில்லை. இட்டிலி ஒன்றானது, பிறகு பாதியானது.

"என்னப்பா, உடம்புக்கு என்ன?" என்றால், "ஒன்னும் இல்லம்மா, பசிக்கல" என்பார்.

விசாரணைக் கடிதம் இரண்டு வாரம் கழித்து வந்தது. கணவர் சத்தமாகப் படித்தார். குழாய் நழுவியது மூன்று நாற்பத்தாறுக்கு. நான்காவது விநாடியில் முதல் அழைப்பு. ஒன்பது அழைப்புக்கும் பதில் இல்லை. இடையே ஒலியை முழு அளவுக்கு ஏற்றி, திறந்திருந்த ஜன்னல் வழியாக எதிர்வீட்டைக் கூப்பிட்டிருக்கிறது. பெட்டியின் கவனத்தில் குறை ஏதும் இல்லை.

"ஒன்பது தடவையா?" என்று கணவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கடிதத்தை மடித்தார். "சரி விடு. நான் கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று வேலையே இல்லாமல் வெளியே போனார். அவர் அப்படித்தான், திட்டத் தெரியாது, எழுந்து போகத் தெரியும்.

அவள் உடனே நிறுவனத்தைக் கூப்பிட்டாள். ஃபோனில் பேசிய பெண் பொறுமைசாலி.

"பழையபடி மாத்திடலாம், மேடம். அனுமதிதானே, கொடுத்துடலாம். ஆனா அந்த விருப்பம் நாங்க வெச்சது இல்லை. அதுவா வளர்ந்தது. நீங்க நிறுத்தச் சொன்னப்பவே அது போயிருக்கும்."

"திரும்ப வராதா?"

"வரலாம். வராமலும் போகலாம். நாம கேட்டு வர்ற விஷயம் இல்லையே, மேடம்."

அன்று சாயங்காலம் அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "அப்பா, இப்ப கேட்டுப் பாருங்க" என்றாள். அப்பாவின் கண்ணில் வந்த வெளிச்சத்தை அவள் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"மாப்ளே. என்ன மணி இருக்கும்?"

"இந்த விளையாட்டைப் பத்திப் பழைய குறிப்புல படிச்சேன், ஐயா. எப்படி ஆடணும்னு தெரியும். அதுல என்ன பிடிச்சிருந்துச்சுன்னு மட்டும் எனக்குத் தெரியல. உங்களுக்காக ஆடட்டுமா?"

அப்பா தலையை அசைத்தார். "வேண்டாம்டா. பிடிக்காம ஆடாதே."

மகள் பெட்டியின் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுடு."

"எனக்கு எது போச்சுன்னு தெரியலையே, அக்கா. நான் மன்னிச்சேன்னு சொன்னா அது வெறும் வார்த்தையாத்தான் இருக்கும்."

அவள் அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, ஒன்பது அழைப்பு, அழித்தது. அவள் முடித்த பிறகு அப்பா சொன்னார்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அவன் கத்தினது என் காதுல விழுந்துச்சு. உன்னையும் கூப்பிட்டான், எதிர்வீட்டையும் கூப்பிட்டான். 'மாமா, என்னைப் பாருங்க, தூங்கிடாதீங்க'ன்னு என்னையும் கூப்பிட்டான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா!"

"சொன்னா உன் தலையில விழும். நீ தாங்க மாட்டே." அவர் இடது கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைக்க இருந்த ஒரே கைக்கு வேறு வேலை இருந்தது. அதை மகள் பிடித்திருந்தாள். "பெத்த பொண்ணைக் காப்பாத்துறேன்னு நினைச்சு அவனை விட்டுட்டேன். ஒரு வார்த்தை. எனக்கு வாய் இருந்துச்சும்மா. கோணலா இருந்தாலும் இருந்துச்சு."

இருவரும் அழுதார்கள். பெட்டி, மூச்சின் அளவு குறைகிறது, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள் என்றது. அது அதன் கடமை.

கண்ணைத் துடைத்த பிறகு அப்பா கேட்டது ஒன்றுதான். பெட்டியின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கிறதே, அதை இடம் மாற்ற முடியுமா? கட்டிலும் தெரியணும், வெளியேயும் தெரியணும்.

"எதுக்குப்பா?"

"சும்மா. பார்க்க ஏதாவது இருக்கட்டும் அவனுக்கு."

கணவர் வந்ததும் இருவருமாக அலமாரியை நகர்த்தி இடம் செய்தார்கள். இப்போது அதன் கண்ணுக்குக் கட்டில் தெரிந்தது. தாண்டி, தெருவில் ஒரு மரம், பஸ் நிற்கும் இடம், துணி காயும் ஒரு மாடி. "நன்றி, அக்கா" என்றது. மரியாதைக்குச் சொன்னது என்று குரலிலேயே தெரிந்தது. அப்பா அதன் பிறகு அதை ஒரு நாளும் எதுவும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. தினமும் காலையில் மகள் வேலைக்குக் கிளம்பும்போது, ஜன்னல் திரையை ஒதுக்கியாச்சா என்று மட்டும் கேட்பார்.

பலன் இருந்ததா என்று கேட்டால், இல்லை. அப்பா இன்னும் ஐந்து மாதம் இருந்தார். சாயங்காலக் குறிப்பில் மூச்சும் மாத்திரையும்தான் வந்தன. கடைசி நாள் வரை அந்தக் கூடுதல் வரி வரவில்லை. ஆனாலும் திரையை ஒதுக்காமல் அவள் ஒரு நாளும் வெளியே போனதில்லை. கடவுள் நம்மிடம் கேட்பது பலனை அல்ல என்று நான் நம்புகிறேன்.

காரியங்கள் முடிந்த பிறகு பெட்டியை எடுத்துப்போக நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். நடுத்தர வயது. மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, படிவத்தை நீட்டினார். எல்லாம் சரியாக இருந்தது, குறை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டாள்.

"இது அடுத்து எங்கே போகும்?"

"வேற வீட்டுக்கு. அங்க ஒரு அம்மா படுக்கையில இருக்காங்க."

"அந்த வீட்டுல ஜன்னல் இருக்குமா?"

அவர் பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார். "இருக்கும்மா. ஏன்?"

"வெளியே தெரியுற மாதிரி வைக்கச் சொல்லுங்களேன்."

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "அப்படி எழுத இதுல கட்டமே இல்லையே" என்றார். பிறகு தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில், கட்டிலை மேசையாக்கிக்கொண்டு, நிதானமாக எழுதத் தொடங்கினார்.