பின்னாலிருந்து கைதட்டல்

வகுப்பு சந்தைக்கடையாகக் கிடந்தது. "கண்ணுங்களா, கொஞ்சம் கேளுங்களேன்" என்று புது மிஸ் மறுபடியும் கெஞ்சியபோது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவளுக்குக் கை துறுதுறுத்தது. பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. பட், பட் என்று இரண்டு தட்டு தட்டிவிட்டாள். அவ்வளவுதான், பிள்ளைகள் அத்தனை பேரும் பதிலுக்கு மூன்று தட்டு தட்டி, கப்சிப்பென்று அவள் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

போன வருஷம் வரை அது அவளுடைய வகுப்பு. கைதட்டலும் அவள் பழக்கியதுதான். நன்றாகப் பாடம் நடத்துகிறாள் என்பதற்காகவே வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு, புதிதாக வருகிற ஆசிரியர்களுக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். பதவி உயர்வாம்! நன்றாக நீந்துகிறவளைக் கரையில் உட்கார வைக்கிற புத்தி, வேறென்ன? ஜன்னலோரத்துப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். போன வருஷம் ஓட்டையாக இருந்த இடத்தில் புதுப் பல் முளைத்திருந்தது. இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்றிருந்தது அவளுக்கு.

பிறகுதான் பார்த்தாள். பின்னந்தலைகளைப் பார்த்தபடி சாக்பீஸும் கையுமாக நின்றிருந்தார் புது மிஸ்.

புது மிஸ் என்று பேரே தவிர, அவளைவிட மூத்தவர். வேறொரு நாட்டில் நர்ஸாக இருந்து, சண்டைக்குத் தப்பி வந்து, இங்கே படித்து டீச்சரானவர். அவர் பேச்சின் இழுப்பைப் பிள்ளைகள் அப்படியே பேசிக்காட்டுவார்கள். காலையில்தான் தலைமையாசிரியை சொல்லியிருந்தார்: "அந்தம்மா சரிப்பட்டு வரலைன்னா நாளைக்குச் சொல்லிடுங்க. கிளாஸை நீங்களே எடுத்துக்கலாம்." பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். 'சரிப்பட்டு வராது' என்ற பதில் அப்போதிலிருந்தே அவள் நாக்கு நுனியில் உருண்டுகொண்டிருந்தது.

இடைவேளையில், "மன்னிச்சிடுங்கக்கா, கை தானா தட்டிடுச்சு" என்றாள்.

"உங்க மொகத்தப் பார்த்தேன். காணாமப்போன புள்ளைங்க கெடச்ச மாதிரி இருந்துச்சு." புது மிஸ் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "நீங்க பின்னால இருக்கிற வரைக்கும் நான் லீவுல போனவங்களுக்குப் பதிலா வந்த டீச்சர்தான் மிஸ். நாளைக்கு ஒரு நாள் வெளிய நில்லுங்களேன்."

சுருக்கென்றது. சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்றது.

மறுநாள் வராந்தாவில் நின்றாள். உள்ளே இரைச்சல் ஏற ஏற, இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டாள். புது மிஸ் கத்தவில்லை. முதல் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, தூங்குகிற நோயாளிகளுக்கு நடுவே பேசுகிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தி எதையோ சொல்ல ஆரம்பித்தார். முன்வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. கேட்கவில்லையே என்று அவர்களே பின்னால் திரும்பி "ஏய், சும்மா இருங்கடா!" என்று அதட்டினார்கள். வரிசை வரிசையாகச் சத்தம் அடங்கியது.

தலைமையாசிரியை பக்கத்தில் வந்து நின்றார். "என்ன, சரிப்பட்டு வருவாங்களா?"

"வருவாங்க."

சொன்னதும் அழுகை முட்டியது. அதை மறைக்கத் தொண்டையைச் செருமினாள். ஜன்னலோரத்துப் பெண் சட்டென்று திரும்பி, புதுப் பல் தெரியச் சிரித்தாள். வராந்தாவில் நின்றவள் தன்னை மறந்து ஜன்னல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அந்தப் பெண் உதட்டில் விரல் வைத்து, "உஷ்ஷ்" என்றாள். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.