சுவராகிப்போன நாலு பேர்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு இன்பராஜ் தன் ஸ்டூடியோவின் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். சிவகாசி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அவன் கடை. வருஷம் 2008. தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம். மத்தியானத்துக்குள் பத்துப் படங்கள் மெயிலில் மும்பைக்குப் போயாக வேண்டும்.

தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு அவன் எடுத்த படங்கள் அவை. கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்று படத்தில் பார்த்த பிறகே சீசன் ஆர்டர் தருவேன் என்று மும்பை வியாபாரி சொல்லிவிட்டாராம்.

இன்பராஜுக்கு இந்த வேலை சர்க்கரைப் பொங்கல் மாதிரி. யாராவது அகப்பட்டால் நிறுத்தி வைத்து விளக்குவான். கேமரா தரும் படம் நாலு எம்.பி. இருக்கும். அப்படியே அனுப்பினால் வாங்குகிறவர் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் பாதிப் படம்தான் இறங்கியிருக்கும். அதனால் அகலத்தை எண்ணூறு பிக்சலாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் படம் லேசாக மங்கும். கொஞ்சம் கூர்மை ஏற்ற வேண்டும். ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரத்தைப் பன்னிரண்டில் எட்டு என்று வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. படத்தின் கனம் மட்டும் காற்றாய்க் குறைந்துவிடும். திருத்த வேண்டியதை எல்லாம் பெரிய படத்திலேயே திருத்திவிட்டுக் கடைசியில்தான் சுருக்க வேண்டும். அப்போதுதான் ஒட்டுப்போட்ட தடம் தெரியாது.

ஒட்டுப்போடும் வேலைதான் அன்றைக்கு நிறைய. பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கும் அறையின் படம் திரையில் இருந்தது. சுவரில் ‘ஆட்கள் 4 பேர் மட்டும்’ என்று போர்டு. அதன் கீழே எட்டுப் பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆளுகளை வெளிய அனுப்பித் திரும்பக் கூப்பிட்டா அரைமணி நேர வேலை போச்சுப்பா. நீ கம்ப்யூட்டர்ல நாலு பேரைத் தூக்கிரு. போர்டு மட்டும் பளிச்சுனு தெரியட்டும்” என்று கம்பெனி போர்மேன் சண்முகவேல் படம் எடுத்த அன்றைக்கே சொல்லியிருந்தான்.

இன்பராஜ் வாசல் ஓரம் இருந்த நாலு பேரையும் தூக்கிவிட்டான். சுவரில் ஒரு துண்டை எடுத்து ஆளின் மேல் பூச வேண்டும். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் அதே கறை திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும். இடத்தை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். முழங்கை, சேலை முந்தானை, முகம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சுண்ணாம்புச் சுவராயின. வேலை சுத்தமாக வந்ததில் அவனுக்கு ஒரே பெருமை.

“தம்பி, இருக்கீகளா?”

கடை வாசலில் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாய் மின்னியது.

“நான் கருப்பம்மாள். வியாழக்கெழமை எங்க ரூமுல வந்து படம் எடுத்தீகள்ல? சிரிங்க சிரிங்கன்னு எங்களை அந்தப் பாடு படுத்துனீக. அந்தப் படம் எனக்கு வேணும். எம் மக சினேகா நாகர்கோயில்ல நர்சிங் படிக்கா. உன் கூட்டாளிகளை எல்லாம் காட்டும்மான்னு நச்சரிக்கா. மெயில்ல அனுப்பலாமாமே?” முந்தானை முடிச்சிலிருந்து முகவரி எழுதிய துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினாள்.

இன்பராஜ் மவுஸை நகர்த்துவதற்குள் அவள் கண் திரைக்குப் போய்விட்டது.

“அட, இது எங்க ரூமுல்ல! இந்தா ராக்காயி. ஆத்தாடி, இவ பல்லு இம்புட்டு நீளமா? இது மாரித்தாய்…” நீட்டிய விரல் படத்தில் இருந்த வாசல் பக்கம் வந்து நின்றது. “நான் இங்கனதான உக்காந்திருந்தேன். எங்க போனேன்?”

“அது… மும்பைக்கு அனுப்புறதுக்குன்னு ஒரு காப்பி, அக்கா. சுவர்ல இருந்து கொஞ்சம் எடுத்து மேல பூசுறது.” பழக்கதோஷத்தில் அவன் வாய் விளக்கத் தொடங்கிவிட்டது.

“என்னைச் சுவராக்கிட்டீகளா? நல்லாத்தான் வெள்ளையடிச்சிருக்கீக!” கருப்பம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடே போர்டைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“வாசல் தெறந்து கெடக்கே, தம்பி.”

திரையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“நெசத்துல அந்த வாசலை அடைச்சுக்கிட்டு நாங்க நாலு பேரும் உக்காந்திருக்கோம். ஒரு பொறி பட்டா, நாங்க எந்திரிச்சு ஓடுன பெறகுதான் ராக்காயி வெளிய வர முடியும். அதுக்குள்ள என்ன ஆகும்னு இந்த ஊர்க்காரரு உமக்குத் தெரியாதா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாலு பேருதான் வேலை பாத்தாகன்னு இந்தப் படத்தைத்தான காட்டுவாக? எம் மக, ‘எங்க ஆத்தா எங்க’ன்னு யாருகிட்டப் போயிக் கேப்பா?”

இன்பராஜுக்கு முகம் எரிந்தது. நிழல் சரியாக விழுகிறதா, கறை திரும்ப வருகிறதா என்று இவ்வளவு நேரமும் பார்த்திருக்கிறான். அழிக்கிற முகம் யாருடையது என்று ஒரு நொடி பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சண்முகவேல் உள்ளே வந்தான். “என்னப்பா இன்பராஜ், மெயில் போயிருச்சா? மொதலாளி…” கருப்பம்மாளைக் கண்டதும் நின்றான். “நீ இங்கன என்ன பண்ற?”

“காணாமப் போயிட்டேன்னாக. தேடி வந்தேன்.”

“வாய் நீளுது. நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேண்டாமா?”

“வரலைன்னா நாலு பேரை வச்சு லோடை முடிச்சிருவீகளா? ஆளு கெடைக்காம அச்சங்குளம் வரைக்கும் வேன் அனுப்புறது எங்களுக்குத் தெரியாதாக்கும்?”

சண்முகவேல் இன்பராஜ் பக்கம் திரும்பினான். “இந்தப் பேச்செல்லாம் நமக்கு எதுக்கு? படத்தை அனுப்பு.”

இன்பராஜ் மூலப் படத்தைத் திறந்தான். எதைத் திருத்தினாலும் மூலத்தைத் தொடாமல் தனியே வைப்பது அவன் வழக்கம். எட்டுப் பேரும் திரையில் வந்து சிரித்தார்கள். அகலத்தைச் சுருக்கினான், கூர்மை ஏற்றினான், சேமித்தான். துண்டுச்சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக முகவரியைத் தட்டி, அனுப்பு என்பதை அழுத்தினான். பிறகு திருத்திய படத்தை இரண்டு பேர் கண்முன்னாலும் அழித்தான்.

“ஏலே, என்ன செஞ்ச?” என்று சீறினான் சண்முகவேல்.

“எட்டுப் பேரும் இருக்கிற படம் நாகர்கோயிலுக்குப் போயிருச்சு. ஆளுக்கு ஒரு பிரிண்டும் போட்டுக் குடுக்கப் போறேன். இனிமே நீங்க எந்த ஸ்டூடியோவுல குடுத்து அழிச்சாலும் எட்டு வீட்டுல எட்டுப் படம் இருக்கும்.”

“ஆர்டர் போச்சுன்னா இவுக பொழப்புல மண்ணு விழும். தெரியுமா?”

“ரெண்டு ரூமுல நாலு நாலு பேரா உக்கார வைங்க. கேமராவைத் தூக்கிட்டு நானே வந்து எடுத்துத் தாரேன், கூலி வேண்டாம். மும்பைக்காரரு வந்து கேட்டாலும் தைரியமா எண்ணிக் காட்டலாம்.”

சண்முகவேல் பல்லைக் கடித்துக்கொண்டு செல்போனோடு வெளியே போனான். தெருவில் குறுக்கும் நெடுக்கும் நடந்து முதலாளியிடம் ரொம்ப நேரம் பேசினான். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

“செவ்வாக்கெழமை வா. நாலு பேரைப் பக்கத்து ரூமுக்கு மாத்தச் சொல்லிட்டாரு. மும்பைக்காரருகிட்ட ரெண்டு நாள் தவணை கேட்டுக்கிடுறாராம்.”

“செவ்வாக்கெழமை மட்டுமா, புதங்கெழமையுமா?” என்று கேட்டாள் கருப்பம்மாள்.

போர்மேன் அவளை முறைத்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், “எந்நாளும்தான்” என்று முணுமுணுத்தான்.

“சத்தமாச் சொல்லுங்க. தம்பியும் கேக்கட்டும்.”

“எந்நாளும் நாலு பேருதான். போதுமா?” என்று கத்திவிட்டுச் சண்முகவேல் படியிறங்கினான்.

இன்பராஜ் தலை குனிந்து நின்றான். “அக்கா, கோபம் இன்னும் தீரலையா?”

“எப்படித் தீரும்? அவரு அழிக்கச் சொன்னாரு. மனசு வலிக்காம அழிச்சது நீருதான?”

“ஆமா, அக்கா. என் கையால செஞ்ச தப்புதான். எனக்கென்ன, சொன்ன வேலையைத்தான் செஞ்சேன்னு இருந்துட்டேன். அடுத்தவங்க உசுரை வச்சு நடக்கிற தப்பை மறைச்சுக் குடுக்கிறவனும் அந்தத் தப்பைச் செஞ்சவன்தான்.”