பேர் சொல்லாத கிரகம்

என்னைக் கட்டிக்கொள்ளவிருந்தவர் சொந்தமாக ஒரு மொழி வைத்திருந்தார். அதைக் கேள்விப்பட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். மொழியியலில் எம்.ஏ. முடித்துவிட்டு கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும், "அப்போ எத்தினி பாஷை பேசுவீங்க?" என்று கேட்டுவிட்டு பஜ்ஜி தின்றவர்கள். மொழியையே உண்டாக்குகிற ஒருவர் வருகிறார் என்றதும், அப்பா கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டேன். பூவும் வைத்தாயிற்று.

பெயர் அருண்பிரசாத். வேங்கிக்காலில் புது வீடு, வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி வேலை, மிச்ச நேரத்தில் விஞ்ஞானப் புனைகதை. மூன்று பாகம் எழுதி வைத்திருந்தார். கதை நடப்பது வ்ரோக் என்ற கிரகத்தில். அங்கே சூரியன் இரண்டு, ஒவ்வொரு ஜீவனுக்கும் வாய் இரண்டு. அந்த வாய்கள் பேசும் வ்ரோக்கியத்துக்கு நான் இலக்கணம் எழுதித் தர வேண்டும், புத்தகத்தின் கடைசியில் சேர்ப்பதற்கு. கல்யாணத்துக்குள் முடித்தால் நல்லது என்றார். பக்கம் பக்கமாக அனுப்பியும் வைத்தார்.

வ்ரோக்கியம் என்பது ஜலதோஷம் பிடித்தவனுக்கு விக்கலும் சேர்ந்துகொண்ட சத்தம். 'க்ர்', 'ஹ்ர்', 'ஸ்க்வ்' என்று மெய்யெழுத்துகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டிவிட்டால் வேற்றுகிரகம் வந்துவிடும் என்று இந்த மாதிரிக் கதை எழுதுகிறவர்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். கெட்டவன் பேசினால் ஹகரம் இருமும், நல்லவள் பேசினால் லகரம் குழையும். அதைப் பிரித்துப் பார்த்தால் அத்தனையும் நம்ம ஊர்ச் சரக்கு. எழுவாய் முன்னால், வினை கடைசியில், வேற்றுமை சரியாக எட்டு. 'வந்துட்டான்' என்பதற்கு அவர் வைத்திருந்த சொல்லில் 'வா'வுக்கு ஒரு துண்டு, 'விடு'வுக்கு ஒரு துண்டு, 'ஆன்' விகுதிக்கு ஒரு துண்டு. வந்தவன் எதை விட்டான் என்று நமக்கே தெரியாது, பழகிப்போச்சு, சொல்கிறோம். தமிழ் என்ற பெயரையே கேட்டிராத இரண்டு வாய்க்காரன் ஏன் விட வேண்டும்? சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு புதுத்துணி என்று காட்டுகிற ஆள் இவர்.

இதையாவது சிரித்துக்கொண்டே தாண்டியிருப்பேன். உறவுச் சொற்கள் பக்கத்தில்தான் சிரிப்பு நின்றது. வ்ரோக்கில் மனைவி கணவன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் உயிர் போய்விடும். அதற்குப் பதில் 'ஹ்ரும்' என்று ஒரு சொல். முழுங்கிய பெயர் என்று அர்த்தமாம். இதை யோசித்த ஆளோடு எப்படி ஒரு வீட்டில் காலம் தள்ளப்போகிறேன் என்ற பயம் அன்றைக்கு வந்தது. நேரில் கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று இருந்தேன்.

முகூர்த்தப் புடவை எடுக்க அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை வேங்கிக்கால் வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இல்லாததால் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு டவுனுக்குப் போகலாம் என்றார் அவருடைய அம்மா ராணியம்மாள். மாமனார் முன்னமே சாப்பிட்டுவிட்டு, இலை போடும் கூடத்திலேயே பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

மாமனாரின் பெயர் அண்ணாமலை. இந்த ஊரில் இந்தப் பெயர்க்காரரைக் கட்டிக்கொண்ட பெண் என்ன பாடுபடுவாள் என்று யோசித்துப் பாருங்கள். ராணியம்மாள் பஸ்ஸில் ஏறினால், "சாமி ஊருக்கு ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்பார். கோயிலில் கூட்டமே ஒரே குரலில் சாமி பெயரைச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நின்று, 'அரோகரா' மட்டும் சேர்ந்து போடுவார். நான் படித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். பக்கத்து வீட்டுக்காரியிடம், "மருமவ சிதம்பரத்துல பெரிய காலேஜில படிச்சவ" என்று முடித்துக்கொண்டார். ஊரே மலையைச் சுற்றி வருகிறது. இவர் கல்யாணமான நாளிலிருந்து ஒரு பெயரைச் சுற்றி வருகிறார். அந்தப் பெயருக்குரியவர் ஒரு நாளும், "சொன்னா என்னா இப்போ, சொல்லு" என்று பேப்பரை இறக்கியதில்லை. எனக்கு இருவர் மேலும் எரிச்சல்தான், மாமனார் மேல் கொஞ்சம் ஜாஸ்தி.

இலை போட்டதும் அருண்பிரசாத் ஆரம்பித்தார்.

"என்ன மதி, இலக்கணம் முடிஞ்சிதா?"

"ஒரு சந்தேகங்க. அந்த ஹ்ரும்."

"பாத்தியா! அங்கதான் மொத்தக் கதையும் நிக்குது. பேரைச் சொன்னா ஆளு காலி. இதுவரைக்கும் எவனும் யோசிக்காத ஐடியா."

எவனும் யோசிக்காத ஐடியா அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டு நின்றது.

"பொண்டாட்டி பேரைப் புருஷன் சொன்னா?"

"சொல்லலாமே. அதுல என்ன?"

"இது உங்க அம்மாதானேங்க?"

அவருக்குப் புரியவே இல்லை. அம்மாவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். உப்பு வேண்டுமா என்பதுபோல் அம்மா அவரைப் பார்த்தார்.

"சேச்சே. அம்மாது சும்மா பழக்கம். இது வேற்றுகிரகக் கலாச்சாரம். ரெண்டு வருஷம் உக்காந்து யோசிச்சிருக்கேன்."

இரண்டு வருஷம். வானத்தில் இரண்டாவது சூரியனை ஏற்றத் தெரிந்தது, முகத்தில் இன்னொரு வாயைக் கிழிக்கத் தெரிந்தது. பெண் ஒருத்தி புருஷன் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற மாதிரி ஓர் உலகத்தை மட்டும் இவரால் கற்பனை செய்ய முடியவில்லை. பெற்றவளின் பயத்தைத் தன் கண்டுபிடிப்பு என்று எழுதி வைத்திருக்கிறார், அது அவளிடமிருந்து வந்தது என்றுகூடத் தெரியாமல். அருவருப்பாக இருந்தது. இலையில் சோறு அப்படியே கிடந்தது.

அவரோ உற்சாகமாகிவிட்டார். "கல்யாணத்துக்கப்புறம் நீயும் என்னை ஹ்ரும்னே கூப்புடு. புக் ரிலீஸ் மேடையில கூப்ட்டா செமயா இருக்கும். எங்க, ஒருவாட்டி சொல்லு பாக்கலாம்."

ராணியம்மாளும் சிரித்தார். "சொல்லேம்மா, ஆசையா கேக்குறான்."

"அருண்பிரசாத்" என்றேன். '-ங்க' போடவில்லை.

"ஏய்! அம்மா முன்னாடி பேரைச் சொல்லாத."

நல்ல தெளிவான வேங்கிக்கால் தமிழ். ஒரு 'க்ர்' இல்லை, ஒரு 'ஹ்ர்' இல்லை. இவருடைய தாய்மொழி இதுதான், இந்த ஒரு வாக்கியம்தான்; மூன்று பாகமும் இதன் மொழிபெயர்ப்பு.

"இந்தக் கல்யாணம் வேணாம், அருண்பிரசாத்" என்றேன். "இலக்கணத்தையும் வேற யாரையாவது வெச்சு எழுதிக்குங்க, அருண்பிரசாத்."

எழுந்து கை கழுவினேன். சண்டை வரும், அப்பாவுக்கு போன் போகும் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் திரும்பினேன். ராணியம்மாள் என்னைக் கவனிக்கவே இல்லை. ரசப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு மகனிடம் ஓடியிருந்தார். பூ வைத்த பெண் மூன்று தடவை பெயரைச் சொல்லிவிட்டாள். உள்ளங்கையை மகன் நெஞ்சில் அழுத்தி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழக்கம் இல்லை அது. பெயரைச் சொன்னால் உயிர் போய்விடும் என்று அவர் நிஜமாகவே நம்பியிருந்தார்.

எழுத்தாளர் நெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அதெல்லாம் சும்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் முகத்திலும் கொஞ்சம் பயம் இருந்தது.

ராணியம்மாள் கையை மெதுவாக எடுத்தார். மகனை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணும் ஆவலியே" என்றார்.

அப்புறம் கூடத்தின் அந்தப் பக்கம் திரும்பி, பேப்பருக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்து, இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"கேக்குதா உனக்கு? ஒண்ணுமே ஆவல."