மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்

வீட்டின் கடைசி அறையில் உட்கார்ந்து, தமிழ் தெரியாத டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் நோயாளி சொல்வதை டாக்டருக்கும் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பது என் வேலை. என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் உட்காருவேன். "போன்லயா பொண்ணு பார்க்க வர்றாங்க?" என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

இதில் சில கட்டுப்பாடுகள் உண்டு. நோயாளி "எனக்கு வலிக்குது" என்றால் நானும் "எனக்கு வலிக்கிறது" என்றே சொல்ல வேண்டும். சொந்தமாக ஏதாவது சொல்ல நேர்ந்தால், "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் சொல்லலாம். தெரிந்தவர் வந்துவிட்டால் அப்படி அறிவித்து விலகிவிட வேண்டும்.

அன்று காலை நான் வழக்கம்போல் வணக்கம் சொன்னதும், சற்றுத் தாமதித்து, "வணக்கம் சார்" என்றது என் மகளின் குரல்.

எங்கள் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள். வாசல் தாண்டிப் போனவளைத் திரும்பக் கூப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் விலகியிருக்க வேண்டும். அதற்கு, இவள் என் மகள் என்று ஓர் அந்நியரிடம் சொல்ல வேண்டும். நா எழவில்லை. குரலை இறுக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

மார்பில் கட்டி. புற்றுதான் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அதை என் வாயால் அவளுக்குச் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இது வந்திருக்கிறதா, அப்பா வழியில் உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"யாருக்கும் இல்ல. ரெண்டு அத்தைங்க சின்ன வயசுலயே போயிட்டாங்க. ஒருத்தங்களுக்கு மஞ்சள் காமாலை, இன்னொருத்தங்களுக்கு விஷக்காய்ச்சல்."

"என் அத்தைகள்" என்று ஆரம்பித்து, விஷக்காய்ச்சல் வரை ஒழுங்காகச் சொல்லி முடித்தேன். அப்படியானால் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றார் டாக்டர்.

காமாலையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. என் அக்காக்கள் இருவருக்கும் மார்பில்தான் கட்டி. கட்டி வந்த வீடு என்று பெயரெடுத்தால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யார் வருவார்கள்? காமாலை, காய்ச்சல் என்று என் அப்பா சொன்னார். வீடே அதைச் சொன்னது. பெற்ற பிள்ளைகளுக்கும் அதையேதான் சொன்னோம். குடும்ப மானத்தை அப்படித்தான் காக்க முடியும். இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

டாக்டர் அறுவைச் சிகிச்சைக்கு நாள் பார்க்கத் தொடங்கினார்.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்றேன், இரண்டு மொழியிலும். "நான் இந்த நோயாளியின் தந்தை. என் அக்காக்கள் இருவரும் இதே நோயால்தான் இறந்தார்கள்."

டாக்டர் நாள் பார்ப்பதை நிறுத்தினார். பரம்பரை நோயா என்று முதலில் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்றார். இனி நீங்கள் இந்த அழைப்பில் இருக்கக் கூடாது, வேறொருவரை இணைக்கச் சொல்கிறேன் என்றார். அதையும் நானேதான் அவளுக்கு மொழிபெயர்த்தேன்.

"நீங்க வணக்கம் சொன்னப்பவே தெரியும்ப்பா" என்றாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க."

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. உடம்பைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை.

மனைவி தண்ணீரோடு வந்து நின்றாள். அதற்குள் வேலை முடிந்துவிட்டதா, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"லைன் கட்டாயிடுச்சு."

"அதுக்கா இப்படி உட்கார்ந்திருக்கீங்க? வேணும்னா மறுபடி கூப்பிடுவாங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.