கால் சரியாகும் வரைக்கும்

வாயாடி என்று பாட்டி வைத்த பெயர்தான் பேத்திக்கு நிலைத்தது. தாத்தா போன பிறகு மகன்களோடு கடல் தாண்டி வந்த பாட்டிக்கு, இந்த ஊர் பாஷை கடைசிவரை நாக்கில் ஏறவில்லை. டாக்டரிடமும் கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டுக்காரியிடமும் அவளுக்காகப் பேசியதெல்லாம் ஏழு வயதிலிருந்தே பேத்திதான்.

பாட்டிக்கு உலகம் என்றால் அந்த வீடும் அதில் இருந்தவர்களும். விடிந்ததும் ஒவ்வொரு அறைக் கதவிலும் கை வைத்து, உள்ளே தூங்குகிறவர்களுக்காக ஜெபம் செய்வாள். மறதிக்கார குமாஸ்தாவிடம் பேசுவது போல ஆண்டவரிடம் பேசுவாள்.

"நேத்தே சொன்னேன் ஆண்டவரே, பெரியவனுக்கு முதுகு வலின்னு. இன்னும் அப்படியேதான் இருக்கு. கொஞ்சம் பாருங்க."

எண்பத்து மூன்று வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து பாட்டியின் கால் முறிந்தது. பகலில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. அதற்கு முன்பே இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முதியோர் இல்லம், வீட்டை விற்றுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போவது என்று அப்பாவும் சித்தப்பாவும் பேசி முடித்தார்கள்.

சேர்க்கப் போன அன்று, படிவத்தோடு வந்த அதிகாரி ஒன்றே ஒன்று கேட்டாள். இங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட அம்மாவுக்குச் சம்மதமா? அதை அவர் வாயால் கேட்க வேண்டும் என்றாள்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீயே கேளும்மா."

பாட்டி பேத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் சரியாகுற வரைக்கும் இங்க இருக்கீங்களான்னு கேக்குறாங்க பாட்டி."

"அதுக்கென்ன, இருந்துட்டா போச்சு. சரியானதும் கூட்டிட்டுப் போயிடுவல்ல?"

"ம்."

பாட்டி கையெழுத்துப் போட்டாள். சம்மதம் சொல்லிவிட்டார் என்று பேத்தி அதிகாரியிடம் சொன்னாள்.

மூன்றாம் மாதம் வீடு கைமாறியது. பாட்டியிடம் யாரும் சொல்லவில்லை. பேத்தி போகும்போதெல்லாம் பாட்டியின் துணிப்பை கட்டியபடி கதவோரம் இருக்கும்.

"சமையலறைக் குழாய் சொட்டிக்கிட்டே இருந்துச்சே, சின்னவன் பாத்தானா?"

"பாத்துட்டாரு பாட்டி."

அந்தக் கேள்விகளைத் தாங்க முடியாமல், தான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று பேத்தி இன்னொரு பொய் சொன்னாள். வாரம் ஒரு முறை போனது மாதம் ஒரு முறை ஆயிற்று.

ஏழாம் மாதம் ஒரு மதியம் பாட்டி துணையில்லாமல் வராந்தாவில் நடந்து பார்த்திருக்கிறாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் நடந்து பழகினாராம். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், இரண்டு கைகளையும் கூரை மாதிரி சேர்த்துக் காட்டுவாராம். நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

முதலாம் வருஷ நினைவு ஜெபத்தைச் சித்தப்பா வீட்டில் வைத்தார்கள். பாட்டியின் பக்தியையும் அவள் குடும்பத்துக்காக உழைத்ததையும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியில் போதகர் பேத்தியைப் பார்த்து, "நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் எழுந்தாள். "இல்லத்துல சேத்த அன்னைக்கு அந்த அதிகாரி கேட்டது ஒண்ணு, நான் பாட்டிகிட்ட சொன்னது வேற. கால் சரியானா வீட்டுக்குப் போகலாம்னு பாட்டி நம்பிட்டாங்க. அதுக்குத்தான் நடந்தாங்க. நடந்துதான் செத்தாங்க."

சித்தப்பா குறுக்கிட்டார். "எல்லாரும் சேந்து எடுத்த முடிவு. அத இப்ப எதுக்குக் கிளறணும்?"

"ஜெபிப்போம்" என்றார் போதகர். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜெபம் முடிந்ததும் சித்தி தட்டுகளை எடுத்து வைத்தாள்.

திரும்பி வரும்போது கார் ஓட்டிக்கொண்டே அப்பா சொன்னார்.

"உள்ளத உள்ளபடி கேட்டிருந்தா அம்மா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பாங்க. அதான் உன்னக் கேக்க விட்டேன். நீ மாத்திச் சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

"வண்டிய நிறுத்துங்கப்பா."

நிறுத்தினார். அவள் இறங்கி, பூட்டிய கடைகளை ஒட்டி, வந்த வழியே நடந்தாள். அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்ததும் கிளம்பிப் போனார்.