கயிற்றில் கட்டிய பென்டிரைவ்

பெரியவர் கழுத்திலிருந்து கறுப்புக் கயிற்றைக் கழற்றி, நுனியில் கட்டியிருந்த பென்டிரைவை முடிச்சவிழ்த்து நீட்டினார். "ரெண்டு வருஷத்துக்கு முன்ன எடுத்த ஸ்கேன் படமெல்லாம் இதுலதான் இருக்கும்மா. குளிக்கும்போது மட்டும்தான் கழட்டுவேன்" என்றார். பக்கத்தில் நின்ற மகள், "அதுக்குக் காட்டுற அக்கறையை மாத்திரைக்குக் காட்டினா நல்லாயிருக்கும்" என்றாள்.

ஸ்கேன் அறைக்காரி சிரித்துக்கொண்டே வாங்கிக் கணினியில் செருகினாள். சிரிப்பு அங்கேயே நின்றது. இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று திரை சொன்னது. கீழே, நிர்வாகியின் கடவுச்சொல்லுக்கான வெள்ளைக் கட்டம்.

பதினோரு மணிக்குப் பெரியவருக்கு அறுவை. பழைய படங்களையும் காலையில் எடுத்த படங்களையும் ஒப்பிட்டு, ஈரல் கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து, எல்லாவற்றையும் அதே பென்டிரைவில் போட்டு எதிர்க் கட்டடத்துக்கு அனுப்பவேண்டும். அதைப் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தார் அறுவை மருத்துவர். இப்போது மணி ஒன்பதரை.

அவள் போனை எடுத்தாள். மூன்று வருடங்களாக, ஒவ்வொரு பென்டிரைவுக்கும், அதே நான்கு இலக்க எண். மறுமுனையில் இருப்பவனுக்கு ஆஸ்பத்திரி முழுக்கச் சாவிக்கொத்து என்று பெயர். கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். எல்லாக் கணினியையும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றியது அவன்தான். அதில் அவளுக்குப் புகார் இல்லை, நடுவில் நின்றுபோகாமல் ஓடுகிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் எதையும் சாதாரணப் பயனர் திறக்கக்கூடாது என்று அவன் வைத்திருந்தான். பென்டிரைவைக் கணினியோடு இணைத்து ஏற்றுவதும் அவன்தான், வேலை முடிந்ததும் பத்திரமாக விடுவித்து இறக்குவதும் அவன்தான்.

பத்தே காலுக்கு வந்தான். தோளைத் திருப்பி விசைப்பலகையை மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லை அடித்தான். பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடாமல் எழுதுகிறவனைப் போல இருந்தது அது. "முடிஞ்சதும் கூப்பிடுங்கக்கா, வந்து எடுத்துவிடறேன்" என்று போய்விட்டான்.

அவள் அளந்தாள், எழுதினாள், பென்டிரைவுக்குக் காப்பி செய்தாள். பத்து நாற்பது. எண்ணைச் சுழற்றினாள், எடுக்கவில்லை. பதினொன்று வரை திரும்பத் திரும்பச் சுழற்றினாள். அறுவை அரங்கிலிருந்து நர்ஸ் பேசினாள்: "பதினொன்றரைக்குள்ள படம் வரலன்னா அடுத்த ஆளை உள்ள எடுத்துருவோம். அது முடிஞ்சா டாக்டர் கிளம்பிடுவாரு. அப்புறம் அடுத்த வாரம்தான்."

மகள் மேசைக்கு வந்தாள். "அதான் காப்பி ஆயிடுச்சுன்னு காட்டுதே. உருவிக் குடுங்கக்கா, நான் ஓடிடறேன்."

அவள் கை பென்டிரைவை நோக்கிப் போய், பாதியில் நின்றது. போன மாதமும் இப்படித்தான். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி. நாலு தடவை போன் போட்டு அலுத்துப்போய் இவள் பிடுங்கிக் கொடுத்தாள். காப்பி ஆகிவிட்டதாகத் திரை காட்டினாலும், முறைப்படி இறக்கும்வரை படங்கள் கணினியின் நினைவிலேயே தங்கியிருக்கக்கூடும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. மறுநாள் அந்தப் பெண் திரும்பி வந்தபோது உள்ளே இருந்ததெல்லாம் போயிருந்தது. பென்டிரைவ் பழசும்மா, என்று கண்ணைப் பார்க்காமல் சொல்லியனுப்பினாள். அந்தப் பெண் அதை நம்பி நன்றி சொல்லிவிட்டுப் போனதுதான் இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"யாரும் அதைத் தொடக்கூடாது" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. மூன்று மாடி ஏறினாள். சாவிக்கொத்து தன் அறையில் மேசைப் போனின் மணியை அடக்கி வைத்துவிட்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"எந்திரிங்க தம்பி."

"பத்தே நிமிஷம்க்கா…"

"உங்க பத்து நிமிஷம் மூணு வருஷமா ஓடுது."

"ஆளாளுக்குச் செருக விட்டு வைரஸ் வந்துச்சே, அப்ப யாரை நிக்கவச்சுக் கேட்டாங்க? உங்களையா? என்னை. எல்லார் முன்னாடியும்."

"ஒரு மனுஷன் உடம்புல எவ்வளவு கதிர் பாய்ச்சணும்னு நான் முடிவு பண்றேன். அதுக்கு எங்கிட்ட எவனும் பாஸ்வேர்ட் கேக்கல. விரல் நீளச் சாமான் ஒண்ணைச் செருகி எடுக்க மட்டும் நான் லாயக்கில்ல, அப்படித்தானே?"

அவன் வாயைத் திறந்தான். அவள் விடவில்லை. "போன மாசம் ஒரு பொண்ணு படம் போச்சே. பிடுங்கினது நான். பழிய பென்டிரைவ் மேல போட்டேன். பொய் சொன்னது நான்தான், இல்லேங்கல. பிடுங்கவச்சது யாரு?"

அவன் விசைப்பலகையைத் தள்ளி வைத்தான்.

"இதை மாத்த எவ்வளவு நாளாகும்?" என்றாள்.

அவன் மேசையைப் பார்த்தபடி சொன்னான். "நாளெல்லாம் இல்லக்கா. ஒரு ஃபைல்ல ஒரு வரி. அதுல ஒரு வார்த்தை சேர்த்தா, நீங்களே ஏத்தி நீங்களே இறக்கிக்கலாம்."

ஒரு வார்த்தை. அதுவரை கொதித்துக்கொண்டிருந்தது அவளுக்குள் சட்டென்று குளிர்ந்து இறுகியது. கத்துவதற்குக்கூட எதுவும் மிஞ்சவில்லை. திரும்பி நடந்தாள். பின்னால் அவன் செருப்புச் சத்தம் படியிறங்கி வந்தது.

பதினொன்று இருபது. அவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பென்டிரைவை இறக்கினான். அதன் சின்ன நீல விளக்கு அணைந்தது. அவள் உருவி மகளின் உள்ளங்கையில் வைத்தாள். மகள் ஓடினாள், தாழ்வாரம் முழுக்கக் காலடி அதிர்ந்தது.

சாவிக்கொத்து எழுந்திருக்கவில்லை. மாடியில் சொன்ன அந்த ஃபைலைத் திறந்தான். கடவுச்சொல்லை அடிக்கும்போது இந்தத் தடவை தோளைத் திருப்பவில்லை. கறுப்புத் திரையில் அந்த வரி வந்து நின்றது. அவன் விரல்கள், அந்த ஒரு வார்த்தையை இன்னும் அடிக்காமல், விசைகளின்மேல் அசையாமல் இருந்தன. அவள் அவன் முதுகுக்குப் பின்னால் கைகட்டி நின்றாள்.

"இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்காம்மா?" என்று கேட்டார் பெஞ்சில் காத்திருந்த பெரியவர்.

அவர் வெறுங்கயிற்றை மடியில் வைத்து, ஒன்றும் இல்லாத நுனியில் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு அதை மெதுவாக அவிழ்க்கத் தொடங்கினார்.