ஆட்டத்தில் இருக்கும் பெயர்

அம்மா பெயிண்ட் டப்பாவின் மூடியை ஸ்பூனால் நெம்பிக்கொண்டிருந்தாள். கறுப்பு பெயிண்ட், கால் லிட்டர். ஆகஸ்டிலேயே வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். கல்லறைத் திருநாள் அன்று எங்கள் சோட்டா பள்ளத்தாக்கில் எந்தக் குடும்பமும் ஒரு டப்பா வெள்ளையும் ஒரு டப்பா கறுப்பும் இல்லாமல் இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் வராது. வெள்ளை சிலுவைக்கு, கறுப்பு அதன்மேல் பெயர் எழுத. நாங்கள் மட்டும் இருபத்திரண்டு வருஷமாக வெள்ளையோடு நிறுத்திக்கொண்டோம். பக்கத்துக் குழிக்காரர்கள் எழுதி முடித்து, இந்த நாளுக்கென்றே செய்யும் ஊதாக் கஞ்சியைக் குடித்து, ரொட்டிப் பொம்மையைப் பிட்டுத் தின்றுவிட்டுப் போவார்கள். நாங்கள் வெறும் சிலுவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அதன் கீழே படுத்திருப்பவன் என் கடைசித் தம்பி ரமிரோ. பதின்மூன்று வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டான். ஆனால் வெளியே போய்க் கேளுங்கள்: ரமிரோ மிண்டா ஆறு நாடுகளில், பதினான்கு கிளப்புகளில் ஆடி இருநூற்றுச் சொச்சம் கோல் போட்டவன் என்பார்கள். ஆடியவன் என் பெரிய தம்பி எவெலியோ. சின்னவன் செத்த மறுவருஷம் கடற்கரைப் பக்கத்திலிருந்து கால்பந்துக்கு ஆள் பிடிக்கிற ஒருவன் வந்தான். எவெலியோ ஆடுவதைப் பார்த்துவிட்டு, "காலு தங்கம். வயசுதான் மூணு கூட. பதினாலா இருந்தா இன்னைக்கே பஸ்ஸுல ஏத்திடுவேன்" என்றான். ரமிரோவின் சாவை அம்மா பதியவே இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயந்து, நகரத்துக்குப் போவதைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அவன் பிறப்புச் சான்றிதழ் பெட்டியில் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் எவெலியோ ரமிரோவாகப் பஸ் ஏறினான். அன்று சாயங்காலம் சிலுவையில் இருந்த பெயரை அம்மா தன் கையால் தேய்த்து அழித்தாள். செங்கல் துண்டு எடுத்துக் கொடுத்தது நான்தான். இப்போது வந்து யோக்கியம் பேச எனக்கு வாய் கிடையாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எவெலியோ என்ற சத்தமே இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் மூச்சு விடவில்லை. அவரவர் வீட்டிலும் பந்தாட நல்ல கால் வாய்த்த ஒரு பையன் இருந்தான்; நாளைக்கு அவனுக்கும் இப்படி ஒரு காகிதம் தேவைப்படலாம். அம்மா போனில்கூட 'மகனே' என்பாளே தவிர பெயர் சொல்ல மாட்டாள். குவயாகில், அசுன்சியோன், மெக்சிகோவில் மூன்று ஊர், பல்கேரியா, சவூதி, கடைசியாக சைப்ரஸ். பல்கேரியாவில் முட்டியைக் கிழித்துக்கொண்டு நான்கு மாதம் ஒற்றை அறையில் கிடந்தான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், நெடுஞ்சாலையோரம் அவகாடோ விற்றுக்கொண்டிருக்கும் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, போனை வைக்காத. நீ வியாபாரம் பாரு, நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பான். பஸ் ஹாரனும் நான் பேரம் பேசுவதும் அவனுக்குப் பாட்டு மாதிரி. பாவமாக இருக்கும். பாவமாக இருந்தாலும் கோபம் போகாது.

முதல் கோலை டிவியில் பார்த்தது மறக்காது. வர்ணனைக்காரன் தொண்டை கிழிய ரமிரோ, ரமிரோ என்று கத்தினான். மைதானமே சேர்ந்து கத்தியது. அம்மா எழுந்து போய்க் கண்ணாடித் திரையைத் தொட்டாள். "எம்புள்ளையக் கூப்பிடுறாங்கடி, எத்தனை பேரு பாரு" என்று அழுதாள். எவெலியோ ஒவ்வொரு கோலுக்கும் விரலை வானத்தைப் பார்த்து நீட்டுவான். ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும், "இதுதாம்மா கடைசி. முடிச்சிட்டு அவன் பேரை அவன்கிட்டயே குடுத்திடுறேன்" என்பான், இரவல் வாங்கிய பாத்திரத்தைச் சொல்வது மாதிரி. அம்மாவும் நம்பினாள். இப்போது அவளுக்கு எழுபத்தொன்று. இடது கண் போய்விட்டது. வலது கண் கிறிஸ்துமஸ் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரமிரோ என்று எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

ஜூனில் அவன் ஆட்டத்தை விட்டான். நேற்று வந்து இறங்கினான். இன்று காலை தோட்டத்து வாசலிலேயே ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ரமிரோ, இங்க பாரு! ரமிரோ, பாட்டி கூட ஒரு போட்டோ!" அவன் எல்லோரோடும் சிரித்து நின்றான். குழி வரைக்கும் கூடவே வந்த ஒருத்தி போட்டோ எடுப்பதற்காகச் சின்னத் தம்பியின் மண்மேட்டிலேயே கால் வைத்தாள். "ஏய், காலை எடு" என்றேன். எடுத்தாள்.

மூடி ஒருவழியாகத் திறந்தது. அம்மா தூரிகையைத் தோய்க்கப் போனாள். அவன் குந்தி உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அம்மா, கொஞ்சம் பொறு. அந்தப் பேரு வேண்டாம்."

"ஆட்டம் முடிஞ்சுதுன்னு நீதானே சொன்ன?"

"முடிஞ்சுது. வேற ஒரு வம்பு வந்திருக்கு." தலையைக் குனிந்துகொண்டான். விடைபெறும்போது கொடுத்த பேட்டியில், வானத்துக்கு விரல் நீட்டுவது யாருக்காக என்று கேட்டிருக்கிறார்கள். மனசு இளகி, "செத்துப்போன என் தம்பிக்கு" என்று சொல்லிவிட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் பேட்டியில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை. ரமிரோதான் வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை என்று காகிதம் சொல்கிறது. கடைசிப் பிள்ளைக்கு ஏது தம்பி? தலைநகர் கித்தோவிலிருந்து ஒரு பத்திரிகைக்காரன் கிளம்பி வந்து, போன மாதம் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறான். இரண்டு பையன்கள் இருந்தார்களே, மூத்தவன் எவெலியோ எங்கே என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறான். என் கடைக்கும் வந்தான். எனக்குத் தெரியாது என்று சொல்லி நாலு அவகாடோவை அவன் தலையில் கட்டினேன்.

"கண்டுபிடிச்சா மெடலைப் பிடுங்குவாங்க, கேஸ் போடுவாங்க" என்றான். "அது போகட்டும். என் பையனும் ரமிரோன்னுதான் ஆடுறான். அவன் சர்ட்டுல இருக்கிறது பொய்ப் பேருன்னு ஆயிரும்மா."

"அப்ப எம்புள்ளைக்கு எப்பதான் எழுதுறது?"

அவன் அவள் மணிக்கட்டை விட்டான். "எவெலியோன்னு எழுது. அந்தப் பேரு சும்மாதானே கெடக்கு. எங்கன்னு கேட்கிறவனுக்கு இந்தக் குழியைக் காட்டிடலாம். தம்பின்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், செத்தது அண்ணன்தான்னு நான் சமாளிச்சுக்கிறேன்."

"அடப்பாவி! உயிரோட இருந்தவரைக்கும் உன் செருப்பைத்தான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான் அவன். செத்தப்பறம் பேரை எடுத்துக்கிட்ட. இப்ப குழியையும் எடுத்துக்கிறியா?" என்று கத்தினேன். பக்கத்துக் குழியில் எல்லோரும் திரும்பினார்கள், பிறகு நாசூக்காக வேறு பக்கம் பார்த்தார்கள்.

"நான் எங்கக்கா எடுத்துக்கிட்டேன்?" என்றான். "பதினேழு வயசுல போனவன் இன்னும் வீடு திரும்பல. ரமிரோவை எல்லாருக்கும் தெரியும். என்னை யாருக்குத் தெரியும், சொல்லு?"

தூரிகையை அம்மாவின் கையிலிருந்து பிடுங்கப் போனேன். அவள் தட்டிவிட்டாள்.

"செங்கல் எடுத்துக் குடுத்தவ நீ. சும்மா இரு."

சிலுவையின் அருகே மண்டியிட்டாள். மூக்கு மரத்தைத் தொடும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்: "எவெலியோ எப்ப செத்தான்?"

"பஸ் ஏறின அன்னைக்குன்னு வச்சுக்கோம்மா."

"மார்ச்சு."

"மார்ச்சு பதினொண்ணு."

அவள் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தையும் மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டு எழுதினாள். வெயில் ஏறிவிட்டது. கஞ்சிப் பாத்திரத்தைச் சுற்றி ஈ மொய்த்தது, நான் ஓட்டவில்லை. அவன் சற்றுத் தள்ளிக் குந்தி, புல்லில் சிந்திய பெயிண்டை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முட்டி முழுசாக மடங்காததால் ஒரு காலை நீட்டி வைத்திருந்தான்.

முதல் பெயரை முடித்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அம்மா விரலை எழுத்துக்களுக்குக் கீழே வைத்து நகர்த்தினாள். கண் சரியாகத் தெரியாததால் வாய்விட்டுப் படித்தாள்.

"எவெலியோ."

"என்னம்மா?" என்று அவன் சட்டென்று நிமிர்ந்தான். சின்ன வயதில், சோற்றுக்குக் கூப்பிட்டால் தெருவிலிருந்து கொடுப்பானே, அதே குரல். முகம்கூட மலர்ந்துவிட்டது.

அம்மா திரும்பவில்லை.

"உன்னைக் கூப்பிடலப்பா" என்றாள். குடும்பப் பெயரை எழுதத் தூரிகையை மறுபடியும் டப்பாவில் தோய்த்தாள்.